வயல் போன ஊர்கள்: தில்லி விளிம்புக் கிராமங்களில் நிலமும் வாடகையும்

தில்லியிலிருந்து குர்கானுக்குப் போகும் பழைய சாலையில் மாநில எல்லை கபசேரா என்ற ஊரில் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹரியாணாவின் உத்யோக் விஹார். ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடைகளைத் தைக்கும் கம்பெனிகள் நெருங்கி நிற்கும் தொழிற்பேட்டை அது. இந்தப் பக்கம், அந்தக் கம்பெனிகளில் தைப்பவர்களும் பிசிறு வெட்டுபவர்களும் செக்கிங் பார்ப்பவர்களும் குடியிருக்கும் கபசேரா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 74 ஆயிரம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் பிகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்கள். நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். நடுவே இருண்ட நடை. இருபுறமும் ஒற்றை அறைகள். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. திருப்பூரின் லைன் வீடுகளை அறிந்தவர்கள், அந்த லைன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் கபசேராவின் உருவம் ஓரளவு பிடிபடும்.

தில்லியில் இப்படி வயலை இழந்து நகரத்துக்குள் நின்றுபோன ஊர்களை அரசு ஆவணங்கள் நகர்ப்புறக் கிராமங்கள் என்று வகைப்படுத்துகின்றன. தலைநகரப் பரப்பில் இருந்த ஏறத்தாழ 360 கிராமங்களில் பெரும்பாலானவை இந்தப் பாதையில்தான் போயிருக்கின்றன. 2001 கணக்கெடுப்பு தில்லியில் 165 கிராமங்களைக் கண்டது. 2011-ல் எஞ்சியவை 112. நகராட்சி அந்தஸ்து இல்லாமலே நகரத் தன்மை பெற்ற கணக்கெடுப்பு நகரங்கள் அதே பத்தாண்டில் 59-லிருந்து 110 ஆயின. இந்த ஊர்களைப் பற்றிக் குழுக்கள் அறிக்கை தந்திருக்கின்றன. நீதிமன்றங்கள் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. சமூகவியலாளர்கள் நல்ல நூல்கள் எழுதியிருக்கின்றனர். அவற்றில் மிகப் பெரும்பகுதி, நிலம் யாருடையது, உரிமை எப்படிப் பதிவாகும், கட்டடம் சட்டப்படியானதா என்ற கேள்விகளையே சுற்றிவருகிறது. ஊரில் இருக்கும் மக்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள் என்ற உண்மை ஓரத்தில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. இந்தக் குறைதான் பிரச்சினையின் மையம் என்று நினைக்கிறேன்.

கதை ஒரு சிவப்புக் கோட்டில் தொடங்குகிறது. 1908-ஐ ஒட்டி நடந்த நிலவரித் திட்டத்தின்போது, சாகுபடி நிலத்தையும் மக்கள் குடியிருக்கும் பகுதியையும் பிரிக்க வரைபடத்தில் சிவப்பு மையால் எல்லை வரைந்தார்கள். அதுவே லால் டோரா. கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு துண்டுக்கும் எண், உரிமையாளர், தீர்வை என்று கணக்கு உண்டு. கோட்டுக்கு உள்ளே, ஊர் முழுவதும் ஒரே எண்ணில் அடங்கியது. வரி கிடையாது என்பதால் யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைக்க வருவாய்த் துறைக்கு அவசியம் ஏற்படவில்லை. நம் ஊர்க் கிராம நத்தமும் இதே தர்க்கத்தில் பிறந்ததுதான். தமிழ்நாட்டில் பின்னாளில் நத்தம் நிலவரித் திட்டம் வந்து வீட்டு மனைகளுக்குத் தனித்தனியாகப் பட்டா கொடுத்தது. தில்லியில் அந்த வேலை நடக்கவே இல்லை. மற்ற எல்லாம் நடந்தன.

முதலில் நிலம் போனது. 1911-ல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறியபோது ரைசினா, மால்ச்சா போன்ற ஊர்களின் நிலத்தை 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுத்து அதன்மேல் புதுத் தில்லி எழுந்தது. அந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. விடுதலைக்குப் பின் முறை மாறியது. பிரிவினை அகதிகளால் நகரம் திடீரென்று பெருத்திருந்தது. 1957-ல் தில்லி வளர்ச்சி ஆணையம் உருவானது. 1959 நவம்பர் 13 அன்று ஒரே அறிவிக்கையில் 34,070 ஏக்கர் நிலத்தைத் திட்டமிட்ட வளர்ச்சிக்காக எடுக்கப்போவதாக அரசு அறிவித்தது. நகர நிலம் முழுவதையும் அரசே எடுத்து, அரசே மேம்படுத்தி, அரசே விற்கும் கொள்கை 1961-ல் வந்தது. இந்தமுறை குடியிருப்பைத் தொடவில்லை. வயலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை அப்படியே விட்டுவிட்டார்கள். முனிர்க்காவின் வயல்களில் ராமகிருஷ்ணபுரமும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் எழுந்தன. ஷாப்பூர் ஜாட்டின் நிலத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்கான வீரர் குடியிருப்பு வந்தது.

அந்த 1959 அறிவிக்கையில் ஒரு கொடுமை இருந்தது. அப்போதைய சட்டப்படி இழப்பீடு முதல் அறிவிக்கை வெளியான நாளின் சந்தை விலையில் கணக்கிடப்படும். ஆனால் தொகையை முடிவுசெய்யும் தீர்வாணை எப்போது வரவேண்டும் என்று சட்டத்தில் காலவரையறை இல்லை. 1959-ல் அறிவித்த நிலங்களில் பலவற்றுக்கு 1980-களில்தான் தீர்வாணை வந்தது. இருபது ஆண்டுக்கு மேல் அந்த நிலத்தை விற்கவும் முடியாது, முதலீடு செய்து சாகுபடியை உயர்த்தவும் மனம் வராது. கடைசியில் கைக்கு வந்தது 1959-ன் விலையும் அதன் மேல் வட்டியும். தீர்வாணைக்கு இரண்டாண்டு வரம்பு 1984 திருத்தத்தில்தான் வந்தது. இன்று முனிர்க்காவின் வீட்டுச் சொந்தக்காரரைப் பேராசைக்காரர் என்று எழுதுபவர்கள் இந்த இருபதாண்டை மறந்துவிடுகிறார்கள். அவருடைய தாத்தாவின் நிலத்தை அரசு மலிவாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு மனை போட்டு விற்றது அவர் கண்முன் நடந்தது.

நிலம் போன கையோடு ஊர் தன் குரலையும் இழந்தது. தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 507-ஆம் பிரிவின்கீழ் ஒரு கிராமத்தை நகர்ப்பகுதி என்று அறிவித்ததும் அதன் கிராம சபை இல்லாமல் போகிறது. ஊர்ப் பொது நிலம், மேய்ச்சல் தரை, ஜோஹட் எனப்படும் குளம் எல்லாம் அரசின் கைக்குப் போகின்றன. அறிவிக்கை வராத கிராமங்களிலும் மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாகப் பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கவில்லை. சாக்கடைக்கும் குடிநீருக்கும் யாரைக் கேட்பது என்றால் மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், வருவாய்த் துறை மூன்றும் ஒன்றையொன்று காட்டும். ஊரிடம் எஞ்சியது ஒரே ஒரு சலுகை. 1963-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று லால் டோராவுக்குள் கட்டடம் கட்ட வரைபட அனுமதி தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருந்தது. மாட்டுக் கொட்டிலும் வைக்கோற்போரும் மண் வீடும் இருந்த ஊருக்குக் கொடுத்த விலக்கு அது. அதன் மேல்தான் இன்றைய ஐந்து மாடிகள் நிற்கின்றன.

அதற்குப் பிறகு நடந்தவற்றை விளங்கிக்கொள்ளக் கூர்ந்த சட்ட அறிவு தேவையில்லை. வயல் இல்லாத விவசாயியிடம் வீட்டு மனை இருந்தது, கொஞ்சம் இழப்பீட்டுப் பணம் இருந்தது, கட்டட விதி இல்லை. சுற்றிலும் வேலை தேடி வந்து கூட்டம் கூட்டமாக இறங்கியவர்களுக்கு அரசு கட்டிய வீடு எதுவும் எட்டவில்லை. தனியுரிமைப் பத்திரம் இல்லாததால் வங்கி கடன் தராது. ஆகவே சேமிப்பிலும் உறவினர் கைமாற்றிலும் ஓர் அறை, பிறகு ஒரு மாடி, பிறகு இன்னொன்று என்று கட்டினார்கள். விற்க வேண்டியிருந்தால் பொது அதிகாரப் பத்திரம், உயில், விற்பனை ஒப்பந்தம் என்று மூன்று காகிதங்களைச் சேர்த்துக் கைமாற்றினார்கள். இப்படிச் செய்யும் கைமாற்றம் சொத்துரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில், சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்த்துச் சொன்னது. சந்தை நிற்கவில்லை.

எம்.எஸ்.ஏ. ராவ் 1970-ல் வெளியிட்ட நூலில் தில்லி விளிம்பில் இருந்த ஒரு யாதவர் ஊரை ஆராய்ந்தார். ஊர்க்காரர்கள் நகரத் தொழில்களுக்கு மாறினாலும் உறவுக் கட்டும் சாதிக் கட்டும் அவற்றோடு சேர்ந்தே நகர்ந்தன என்பது அவர் காட்டிய சித்திரம். அரை நூற்றாண்டு கழித்து, முனிர்க்காவையும் ஷாப்பூர் ஜாட்டையும் ஆய்ந்த சுஷ்மிதா பதியின் ‘பிராப்பர்ட்டீஸ் ஆஃப் ரென்ட்’ 2022-ல் வந்தது. நிலம் தந்த அதிகாரத்தை வாடகை எப்படிப் புதிய வடிவில் காப்பாற்றித் தருகிறது, குலமும் அண்ணன் தம்பி உறவும் வாடகைச் சந்தையை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்பதை அந்நூல் நுணுக்கமாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். நகரம் கிராமத்தை விழுங்கிவிட்டது என்ற வழக்கமான சித்திரம் பாதி உண்மைதான். நிலவுடைமைச் சாதி தன் பிடியை வயலிலிருந்து அறைக்கு மாற்றிக்கொண்டது.

எல்லா ஊரும் ஒரே வழியில் போகவில்லை. ஹவுஸ் காஸ் கிராமத்தில் 1980-களில் ஆடை வடிவமைப்புக் கடைகள் வந்தன. பின்பு மதுக்கூடங்களும் உணவகங்களும். ஷாப்பூர் ஜாட்டிலும் பூட்டிக் கடைகள் பெருகின. பேர் சராய், ஜியா சராய், கட்வாரியா சராய் ஆகியவை மாணவர்களின் ஊர்கள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்த தமிழ் இளைஞர்கள் பலருக்கு அந்தப் பெயர்களும் அங்கிருந்த நகலகங்களும் பழைய புத்தகக் கடைகளும் தெரிந்திருக்கும். முனிர்க்காவில் வடகிழக்கு மாநிலத்தவர் பெருந்திரளாக வசிக்கிறார்கள். அவர்கள் சந்திக்கும் பாகுபாட்டை ஆராய 2014-ல் அமைந்த பெஸ்பரூவா குழு, வீடு கிடைப்பதிலும் வீட்டுக்காரரோடும் எழும் சிக்கல்களையும் கேட்டுப் பதிந்தது.

யமுனைக்கு அந்தப் பக்கம், உத்தரப் பிரதேசத்தில், கதை வேறு. கிரேட்டர் நொய்டாவின் ஷாபேரி கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தொழில் வளர்ச்சிக்கென்று அவசர விதியின்கீழ் விவசாயிகளின் ஆட்சேபத்தைக் கேட்காமலே எடுத்த நிலத்தை, தனியார் அடுக்குமாடி நிறுவனங்களுக்குக் கொடுத்தது செல்லாது என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த எடுப்பை ரத்து செய்தது. விவசாயிகளுக்குப் பெரிய வெற்றி. அதே ஆண்டு மே மாதம் அதே மாவட்டத்தின் பட்டா பர்சோல் கிராமத்தில் விவசாயிகளும் போலீசும் மோதி உயிர்ப்பலி நேர்ந்திருந்தது. புதிய நில எடுப்புச் சட்டம் 2013-ல் வருவதற்கு இந்தப் போராட்டங்கள்தாம் அழுத்தம் தந்தன. ஆனால் திரும்பக் கிடைத்த நிலத்தில் யாரும் உழவில்லை. சுற்றிலும் கான்கிரீட் வந்துவிட்ட பிறகு உழவு எப்படி நடக்கும்? சிறு கட்டுமானக்காரர்கள் துண்டு துண்டாக வாங்கினார்கள். அனுமதி வாங்காமல் ஆறு மாடிகள் எழுந்தன. பெரிய நிறுவனங்களின் வீடு கட்டுப்படியாகாத கீழ் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கின. பத்திரப் பதிவு நடந்தது. சிலருக்கு வங்கிக் கடனும் கிடைத்தது. 2018 ஜூலை 17 இரவு, அடுத்தடுத்து நின்ற இரண்டு கட்டடங்கள் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பதிவுக் கட்டணம் வாங்கிய அரசு, கட்டடம் சட்டவிரோதம் என்று அப்போதுதான் உரக்கச் சொன்னது.

நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் நீதி முடிந்துவிடும் என்று நம்புபவர்கள் ஷாபேரியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். விவசாயிக்கு நீதி கிடைத்த அதே மண்ணில், அவரிடமிருந்து வாங்கியவரிடம் வாங்கியவர் நசுங்கிச் செத்தார்.

குர்கானில் அரசு எடுப்பைவிடத் தனியார் கொள்முதல் முந்தியது. ஹரியாணாவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் விவசாயிகளிடமே வாங்கி நகரியம் அமைக்க வழிவிட்டது. நாதுப்பூர், சக்கர்ப்பூர், சிக்கந்தர்ப்பூர் போன்ற ஊர்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டன. அந்தக் கட்டடங்களின் காவலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் ஓட்டுநரும் இரவில் திரும்புவது இந்த ஊர்களுக்குத்தான்.

இனி கபசேராவின் அறைக்குள் வருவோம். வாடகைக்கு ரசீது கிடையாது. மின்சாரத்துக்கு உள்மீட்டர் வைத்து, விநியோக நிறுவனத்தின் கட்டணத்தைவிட அதிகமாக யூனிட் கணக்கில் வீட்டுக்காரர் வசூலிப்பார். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் மளிகைக் கடை இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெயை அங்கேதான் வாங்க வேண்டும், வெளியே வாங்கினால் அறையைக் காலிசெய்யச் சொல்வார்கள் என்பது இந்தப் பகுதித் தொழிலாளர் பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. பழைய ஆலைமுதலாளி தன் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதைத் தொழிலாளர் வரலாற்றில் படித்திருக்கிறோம். இங்கே அதை வீட்டு முதலாளி செய்கிறார். கூலியின் ஒரு பகுதி வாடகையாகவும், இன்னொரு பகுதி மின்கட்டணமாகவும், மற்றொரு பகுதி மளிகையாகவும் ஒரே கைக்குப் போகிறது.

மாநில எல்லை இந்தச் சுரண்டலைக் கூர்மையாக்குகிறது. 2017 மார்ச்சில் தில்லி அரசு பயிற்சியற்ற தொழிலாளிக்கு மாதம் 13,350 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. அப்போது ஹரியாணாவில் அது எட்டாயிரத்துச் சொச்சம். கபசேராவில் குடியிருந்து உத்யோக் விஹாரில் தைப்பவருக்கு ஹரியாணாவின் கூலி, தில்லியின் வாடகை. 2019 ஆகஸ்ட்டில் தில்லி அரசு மாதம் 200 யூனிட் வரை மின்சாரத்தை இலவசமாக்கியது. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் வாடகைக்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. இதை உணர்ந்து அடுத்த மாதமே வாடகைக்காரருக்குத் தனி முன்கட்டண மீட்டர் திட்டத்தை அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். அதற்கு வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்ட வேண்டியிருந்தது. எதற்கும் காகிதம் தராத ஊரில் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவது? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-லிருந்தே தில்லியில் இருக்கிறது. 1988 திருத்தத்துக்குப் பிறகு மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையை அது தொடாது. அதற்குக் கீழே கொடுப்பவரும் கொடுத்ததை நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்.

2020-ல் கொரோனா ஊரடங்கில் எல்லாம் ஒரேயடியாக வெளிப்பட்டது. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அதே நாளில் அப்போதைய தில்லி முதல்வர் கெஜ்ரிவால், ஏழைகளால் வாடகை கொடுக்க முடியாவிட்டால் அரசே கொடுக்கும் என்று செய்தியாளர் கூட்டத்தில் சொன்னார். மே மாதத் தொடக்கத்தில் கபசேராவில் ஒரே கட்டடத்தில் 41 பேருக்குக் கொரோனா உறுதியானது. தனித்திரு என்ற அறிவுரைக்கு அந்த நடையிலும் பொதுக் கழிப்பறையிலும் பொருளே இல்லை. ஹரியாணா எல்லையை மூடியபோது, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த கம்பெனி வேறு நாடானது. முதல்வரின் வாக்குறுதியை நம்பிச் சிலர் வழக்குப் போட்டார்கள். அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அதை நிறுத்திவைத்தது. வாடகைக்காரர் என்ற ஒரு வகுப்பினர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்று அரசும் நீதிமன்றமும் வாய்விட்டுப் பேசிய அரிய தருணம் அது.

ஊர்க்காரர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஜாட், குஜ்ஜர், அஹீர் போன்ற நிலவுடைமைச் சாதிகளுக்கு இழப்பீடு வந்தது. அவர்கள் வயலில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களுக்கு வயலோடு வேலையும் போனது. இழப்பீடு ஏதும் இல்லை. மேய்ச்சல் தரையும் குளமும் போனபோது ஆடு மாடு வைத்திருந்த நிலமற்றவர்கள் அதிகம் இழந்தார்கள். பெண்களின் நிலையும் அப்படித்தான். 1954-ஆம் ஆண்டுத் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்களை முன்னே வைத்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் விவசாய நிலத்துக்கான விலக்கை நீக்கி மகளுக்கு வழி திறந்தபோது, பெரும்பாலான நிலம் ஏற்கெனவே காசாகிக் கட்டடமாகி மகன்களின் பெயரில் நின்றது. மூத்த பெண்கள் பலர் இன்று வாடகை வசூலிக்கிறார்கள், படிக்கட்டைக் காவல் காக்கிறார்கள். சொத்தில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

தீர்வு என்று முன்வந்தவை எவை? 2006-ல் கடைகளுக்குச் சீல் வைக்கும் நடவடிக்கை தில்லியைக் கொந்தளிக்கச் செய்தது. அதை ஒட்டி லால் டோரா பற்றி ஒரு குழு அமைந்தது. 2007-ல் வந்த பெருந்திட்டமும் 2011 ஜனவரியில் வந்த கட்டட ஒழுங்குமுறைகளும் கிராமக் குடியிருப்புகளுக்கென்று தளர்த்திய விதிகளைத் தந்தன. சீல் வைப்பதிலிருந்தும் இடிப்பதிலிருந்தும் காக்க 2006-ல் நாடாளுமன்றம் இயற்றிய சிறப்புச் சட்டம் மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டு, கடைசியாக 2023-ல், 2026 டிசம்பர் 31 வரை நீண்டது. ஹரியாணா தன் கிராமங்களை லால் டோரா இல்லாதவை ஆக்கும் முயற்சியில் இறங்கியது. கர்னால் மாவட்டத்தின் சிர்சி கிராமம் 2020 ஜனவரியில் அதற்கு முதல் ஊரானது. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு ஸ்வாமித்வா திட்டத்தைத் தொடங்கி, ட்ரோன் அளவீட்டில் வீட்டு மனைக்குச் சொத்து அட்டை கொடுக்கத் தொடங்கியது. நூறாண்டு தாமதமான பட்டா அது; வரவேற்க வேண்டியதுதான். கிராமத்துப் பெரியவர் வங்கியில் கடன் வாங்கலாம், சகோதரர் வழக்குகள் குறையலாம்.

ஆனால் இவை ஒவ்வொன்றும் உரிமையாளரைப் பார்த்துப் பேசுகின்றன. சீல் வைக்காதே என்பது கடைக்காரரின் கோரிக்கை. அட்டை கொடு என்பது மனைக்காரரின் கோரிக்கை. இரண்டும் நியாயமானவை. அட்டை வந்தால் மனையின் விலை ஏறும், வங்கிக் கடனில் இன்னொரு மாடி எழும், வாடகையும் ஏறும். அந்த மாடியில் தீ பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று அட்டை கேட்பதில்லை. 2022 மே 13 அன்று மேற்குத் தில்லியின் முண்ட்கா கிராமத்தில் நாலு மாடி வணிகக் கட்டடம் எரிந்து 27 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாத கட்டடம். ஏறி இறங்க ஒரே வழி. இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த பெண்கள்.

இந்த ஊர்களை இடிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசு கட்டிய எந்தத் திட்டமும் ஒரு தையல் தொழிலாளிக்கு வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் அவர் கூலிக்குள் அடங்கும் அறை கொடுக்கவில்லை, கபசேரா கொடுக்கிறது. மோசமான அறை, ஆனால் இருக்கும் ஒரே அறை. இடித்தால் அவர் இன்னும் தொலைவான, இன்னும் மோசமான ஊருக்குத் துரத்தப்படுவார். அப்படியே விட்டுவிடுவதும் முண்ட்காவுக்கும் ஷாபேரிக்கும் ஒப்புதல் கொடுப்பதாகும். நடுவழி இருக்கிறது. அரசு இந்தக் கட்டடங்களுக்கு இடிப்பிலிருந்து பாதுகாப்புக் கொடுக்கிறது, சொத்து அட்டைக்கும் வழி செய்கிறது. இந்த இரண்டுக்கும் கைம்மாறாக அது எதையும் கேட்டதில்லை. கேட்கலாம். கட்டமைப்பு உறுதிச் சான்று, இரண்டாவது படிக்கட்டு, இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவு, விநியோகக் கட்டணத்துக்கு மேல் மின்சாரம் விற்கத் தடை, மாதாமாதம் வாடகை ரசீது. இவற்றைச் செய்ய வீட்டுக்காரருக்குக் குறைந்த வட்டியில் கடன் தேவைப்படும். அட்டை அதற்கு உதவும். ரசீது ஒன்று கையில் இருந்தாலே மின் மீட்டருக்கும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் முகவரிச் சான்று கிடைத்துவிடும். வாக்கு வந்தபின் கவுன்சிலர் அந்த நடைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். சிறப்புச் சட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரு தேதியை மட்டும் மாற்றி நீட்டித்து வந்திருக்கிறார்கள். அடுத்த நீட்டிப்பு மசோதாவில் தேதியோடு சேர்த்து இந்த ஐந்து நிபந்தனைகளும், அவற்றைச் சோதிக்க மாநகராட்சியில் ஒரு பொறுப்பதிகாரியும் எழுதப்பட வேண்டும்.